சிங்கப்பூர் வெயிலில் யுகாதா: வாங்குவது, உடுத்துவது, பராமரிப்பது

கிமோனோ உடுத்திப் பார்க்க ஆசைப்படும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, பட்டில் தொடங்க வேண்டாம், யுகாதாவில் தொடங்குங்கள் என்பதே. யுகாதா என்பது உள்துணி வைத்துத் தைக்காத, ஒற்றை அடுக்குப் பருத்திக் கிமோனோ. குளியலோடு ஒட்டிய எளிய உடையாக இருந்து, எடோ காலத்தில் (1603–1868) பொதுமக்களின் கோடைக்கால வெளியுடையாக அது வளர்ந்தது. இன்றும் ஜப்பானில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வாணவேடிக்கை பார்க்கவும் கோயில் திருவிழாக்களுக்குச் செல்லவும் இளையர்கள் விரும்பி உடுத்துவது இதைத்தான். பட்டுக் கிமோனோ என்றால் அதற்குள் நாகாஜுபான் என்னும் முழுநீள உள்ளங்கி, அதற்கும் உள்ளே இன்னோர் உள்ளாடை, மேலே ஓபி என்னும் கனத்த இடுப்புக்கச்சை என்று அடுக்குகள் ஏறிக்கொண்டே போகும். குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பதற்கு அது சரி. 32 டிகிரி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதற்குச் சரிவராது.

எதை எங்கே உடுத்தலாம் என்பதில்தான் வெளியார் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். 1872ஆம் ஆண்டு மெய்ஜி அரசாங்கம் மேற்கத்திய உடையை அதிகாரபூர்வச் சடங்கு உடையாக அறிவித்த பிறகு, அலுவலகத்திலிருந்தும் படையிலிருந்தும் கிமோனோ முதலில் விலகியது. வீட்டிலும் பெண்களிடத்திலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது அன்றாட உடையாகவே நீடித்தது. இப்போது அதன் இடம் பெரும்பாலும் விசேஷ நாள்களில்தான். ஜனவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை வரும் வயதுவந்தோர் நாளில் இளம்பெண்கள் நீண்ட கைகள் தொங்கும் ஃபுரிசோதே உடுத்துவதும், நவம்பர் 15ஐ ஒட்டி மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும், பட்டமளிப்பு விழாவுக்கு மாணவியர் கிமோனோவின் மேல் மடிப்புப் பாவாடை போன்ற ஹகாமா கட்டுவதும் இன்றும் தொடர்கின்றன. சூமோ வீரர்கள் வெளியே தலைகாட்டும்போது மரபுடையில்தான் வர வேண்டும் என்பது விதி. வெந்நீர் ஊற்று விடுதிகளிலோ, அறையில் மடித்து வைத்திருக்கும் யுகாதாவை விருந்தினர் உடுத்திக்கொண்டு உணவுக்கூடம் வரை சாவகாசமாக நடந்து போவார்கள்.

இந்தப் படிநிலையை மனத்தில் வைத்துக்கொண்டால் பல சங்கடங்களைத் தவிர்க்கலாம். யுகாதா என்பது உல்லாச உடை. உங்களுடன் பணிபுரியும் ஜப்பானியர் தம் திருமணத்துக்கு அழைத்திருந்தால், யுகாதாவில் போவதைவிட நல்ல புடவையிலோ கோட்டுச் சூட்டிலோ போவது எவ்வளவோ மேல். கரும்பின்னணியில் ஐந்து குலச்சின்னங்களும் கீழ்ப்பகுதியில் மட்டும் வேலைப்பாடும் கொண்ட கிமோனோ மணமக்களின் தாய்மாருக்கும் நெருங்கிய உறவுப் பெண்களுக்கும் உரியது. வேலைப்பாடே இல்லாத முழுக் கறுப்பு துக்க உடை. பழைய துணிக் கடையில் ‘கறுப்பு எதற்கும் பொருந்தும்’ என்று எடுத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மற்றபடி, ஜப்பானியர் அல்லாதோர் யுகாதா உடுத்துவதை ஜப்பானியர்கள் பொதுவாக மகிழ்ச்சியுடனேயே பார்க்கிறார்கள். கியோத்தோவிலும் தோக்கியோவின் அசகுசாவிலும் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு உடுத்திவிடுவது ஒரு முழுத் தொழிலாகவே நடக்கிறது. நம் ஊரில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஜப்பானிய ஆக்கிரமிப்பையும், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களையும் பற்றிய நினைவு சில குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. அத்தகைய பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கோ, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15ஆம் தேதியன்று பொது இடத்துக்கோ இவ்வுடையில் போகாமல் இருப்பது பண்பு.

வாங்கும்போது

துணிதான் முதல் கேள்வி. பொட்டலமாகக் கட்டி மலிவாக விற்கப்படும் யுகாதாக்களில் பல பாலியெஸ்டர்; பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், சுருக்கம் விழாது, ஆனால் நம் ஈரப்பதத்தில் அரை மணி நேரத்துக்குள் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி, அல்லது பருத்தியும் லினனும் கலந்தது என்று குறிப்புச்சீட்டில் இருப்பதைத் தேடுங்கள். தொகுஷிமா வட்டாரத்தின் ஷிஜிரா நெசவு போன்று மேற்பரப்பு சுருங்கிச் சுருங்கி இருக்கும் துணி கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அது தோலோடு முழுவதுமாகப் படியாமல் காற்றுக்கு இடம் விடும். கரோசல் போன்ற செயலிகளில், ஜப்பானில் சில காலம் வாழ்ந்து திரும்பியவர்கள் உடுத்திய யுகாதாவை விற்பதுண்டு; ஜப்பானுக்குப் போகும் வாய்ப்பிருந்தால் அங்குள்ள பழைய கிமோனோக் கடைகளில் பார்ப்பது அதைவிடச் சிறந்தது.

அளவைச் சின்னது, பெரியது என்று கேட்டுப் பயனில்லை. பெண்கள் யுகாதாவின் நீளம் ஏறக்குறைய உங்கள் உயரமே இருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் இடுப்பு மடிப்பில் சரிசெய்துவிடலாம். ஆண்களுக்கு அந்த மடிப்பு இல்லாததால், உயரத்தில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் கழித்த நீளம் வேண்டும், இதில் சமாளிப்பதற்கு இடமில்லை. அடுத்து, பிடரி எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை ஒரு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பழைய உடைகள் குள்ளமானவர்களுக்குத் தைத்தவையாக இருப்பதால், நீளம் பொருந்தினாலும் கை முழங்கைக்குக் கீழே பாதியிலேயே நின்றுவிடும். இடுப்புச் சுற்றளவு கூடியவர்கள், மேலே வரும் இடது பாகம் வலது இடுப்பெலும்பு வரை எட்டுகிறதா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். எட்டாவிட்டால் நடக்கும்போது முன்பக்கம் விரியும்.

தைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. மரபான கிமோனோத் துணி சுமார் 36 முதல் 38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே சுருளாக வரும். அதை நேர்கோட்டில் எட்டுத் துண்டுகளாக வெட்டி, நேர்கோட்டிலேயே இணைத்துவிடுவார்கள். தோளுக்கு வளைவோ இடுப்புக்குப் பிடிப்போ கிடையாது. அரபு ஸ்திரீட்டிலோ தேக்காவிலோ கிடைக்கும் 110 சென்டிமீட்டர் அகலப் பருத்தியில் ஐந்து முதல் ஆறு மீட்டர் எடுத்தால் பெரியவர் ஒருவருக்குப் போதும். தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கையும் சல்வாரும் தைத்துப் பழகிய தையற்காரர்கள், உடலின் வளைவுக்கேற்பப் பிடித்துத் தைப்பதையே திறமையாகக் கருதுபவர்கள். ஆகவே படத்தைக் காட்டி விளக்குவதைவிட, அளவு சரியான யுகாதா ஒன்றை இரவல் வாங்கிக் கையில் கொடுத்து, ‘இடுப்பில் பிடிக்க வேண்டாம், நீளத்தைக் குறைக்க வேண்டாம், பெண்கள் உடை என்பதால் அக்குளுக்குக் கீழே உள்ள திறப்பை மூட வேண்டாம்’ என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. அந்தத் திறப்பு எதற்கு என்பது உடுத்தும்போது தெரியும்.

ஓபிக்கு நம்மிடமே நல்ல துணி இருக்கிறது. யுகாதாவுக்கு உரிய அரை அகல ஓபி சுமார் 16 சென்டிமீட்டர் அகலமும் மூன்றரை முதல் நான்கு மீட்டர் நீளமும் கொண்டது. செட்டிநாட்டுக் கண்டாங்கிப் புடவை ஐந்தரை மீட்டர் இருப்பதால் நீளத்துக்குக் குறைவில்லை. அதன் கனமும் மொடமொடப்பும் முடிச்சைச் சரியவிடாமல் நிறுத்தும். உள்ளே மெல்லிய கேன்வாஸ் வைத்துத் தைத்து, ஒற்றை நிற யுகாதாவின் மேல் அரக்கும் கடுகு மஞ்சளும் கட்டமிட்ட கண்டாங்கி ஓபியைக் கட்டினால் எடுப்பாக இருக்கும். காஞ்சிப் பட்டு இதற்கு வேண்டாம், வழுக்கும். இப்படிக் கலப்பது மரபுமீறல் ஆகுமோ என்று தயங்க வேண்டியதில்லை: சோழமண்டலக் கரையில் அச்சிட்டும் தீட்டியும் உருவான பருத்தித் துணிகள் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசிய, டச்சுக் கப்பல்களில் ஜப்பானுக்குப் போய், தேநீர்ச் சடங்கின் பாத்திரங்களுக்குப் பையாகவும் செல்வந்தர் உடையாகவும் போற்றப்பட்டன. ஜப்பானியர்கள் அவற்றைப் பார்த்துத் தங்கள் சொந்த சரசா அச்சையே உருவாக்கிக்கொண்டார்கள்.

பெண்கள் உடுத்தும் முறை

தேவைப்படுபவை: யுகாதா, ஓபி, கொஷிஹிமோ எனப்படும் இரண்டு பருத்தி நாடாக்கள், மெல்லிய துண்டு ஒன்று, உள்ளே அணிய மெல்லிய பருத்திச் சிலிப். புடவைக்குக் கட்டும் உள்பாவாடை வேண்டாம். அதன் நாடாச் சுருக்கம் இடுப்பில் புடைத்துக்கொண்டு மேலே வரும் எல்லாவற்றையும் கோணலாக்கிவிடும். கிமோனோ உருளை வடிவ உடலையே விரும்புகிறது என்பதால், இடுப்பு குழிந்திருப்பவர்கள் துண்டை நீளவாக்கில் மடித்து அந்தக் குழிவை நிரப்பிக்கொள்ளலாம். அது வியர்வையையும் உறிஞ்சும்.

யுகாதாவைத் தோளில் போட்டுக் கைகளை நுழைத்தபின், முதுகின் நடுத் தையல் முதுகெலும்பின் மேல் நேராக விழுகிறதா என்று பாருங்கள். கழுத்துப்பட்டையின் இரு முனைகளையும் முன்னால் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, கீழ்விளிம்பு கணுக்காலைத் தொடும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது இடது பாகத்தை வலப்பக்கம் கொண்டுபோய், அதன் ஓரம் வலது இடுப்பெலும்பில் நிற்குமாறு அளவு பார்த்துக்கொண்டு, அந்த அளவை மறக்காமல் திரும்பத் திறக்க வேண்டும். பிறகு வலது பாகத்தை இடப்பக்கமாகச் சுற்றி, அதன் கீழ்முனையைச் சுமார் பத்து சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்து, அதன்மேல் இடது பாகத்தை முன்பு பார்த்த அளவிலேயே மூடி, அதன் முனையை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்துங்கள். முனைகளை இப்படி உயர்த்துவதால்தான் கீழே போகப் போக உடை குறுகி, நடையில் அந்த ஒடுக்கம் வருகிறது.

இடது பாகம் மேலே, வலது பாகம் உள்ளே. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு இல்லை. மாற்றிப் போட்டால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. ஜப்பானியர் கண்ணுக்கு உடனே உறுத்தும். உங்கள் வலது கை நெஞ்சுப் பக்கம் உடைக்குள் எளிதாக நுழைந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். கைப்பேசியின் முன்பக்கக் கேமரா சில வேளைகளில் பிம்பத்தை இடவலமாக மாற்றிச் சேமித்துவிடும். சரியாக உடுத்தியும் படத்தில் தவறாகத் தெரியாமல் இருக்க, பகிரும் முன் அதைத் திருப்பிவிட வேண்டும்.

முதல் நாடாவை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே வைத்து, பின்னால் குறுக்காக மாற்றி இழுத்து, முன்னால் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி முடிச்சிடுங்கள். முழு உடையும் தொங்குவது இந்த ஒரு நாடாவில்தான். புடவைக்கு உள்பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கினால் கொசுவம் நழுவாது என்று உங்கள் விரல்களுக்குத் தெரியுமல்லவா, அதே இறுக்கம் இங்கேயும் போதும். இதற்கு மேலே வருவன எவற்றையும் மூச்சு முட்ட இறுக்கத் தேவையில்லை.

அக்குள் திறப்பு பயன்படும் இடம் இதுதான். இரண்டு கைகளையும் அதன் வழியாக உள்ளே விட்டு, நாடாவுக்கு மேலே தேங்கி நிற்கும் உபரித் துணியை முன்னும் பின்னும் கீழ்நோக்கி நீவிவிட்டால், அது நாடாவை மறைத்துக்கொண்டு இடுப்பைச் சுற்றி ஒரு மடிப்பாக விழும். இந்த மடிப்புக்கு ஓஹஷோரி என்று பெயர். ஓபிக்குக் கீழே ஐந்தாறு சென்டிமீட்டர் அளவில் இது நேர்கோடாகத் தெரிவதை வைத்தே, உடுத்தியவர் தேர்ந்தவரா என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கழுத்துப்பட்டை தொண்டைக் குழியை ஒட்டிச் சேர வேண்டும். பின்பக்கம் பிடரியிலிருந்து ஒரு முஷ்டி நுழையும் அளவுக்கு விலகி நிற்க வேண்டும். அழகுக்காகத்தான் அப்படி என்றாலும், நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்று நுழையவும் அந்த இடைவெளி உதவும். இந்நிலையில் இரண்டாவது நாடாவை மார்புக்குக் கீழே மெதுவாகக் கட்டினால் எல்லாம் நிலைத்துவிடும்.

ஓபியை முன்பக்கமே கட்டிப் பின்னால் திருப்புவதுதான் தொடக்கநிலையினருக்கு ஏற்றது. ஒரு முனையில் சுமார் 50 சென்டிமீட்டரை நீளவாக்கில் இரண்டாக மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு, மீதியை உடம்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓபியின் கீழ்விளிம்பைப் பிடித்தே இறுக்க வேண்டும். மேல்விளிம்பை இழுத்தால் விலா எலும்பில் வலிக்கும், கீழே தளர்ந்துவிடும். பிறகு இரு முனைகளையும் ஒரே முடிச்சாகப் போட்டு, குட்டை முனை மேலே வருமாறு மறுபடி தோளில் போடுங்கள். நீண்ட முனையை நுனியிலிருந்து உங்கள் தோளகலத்துக்கு மடித்துக்கொண்டே வந்து, அந்தச் செவ்வகத்தின் நடுவைக் கொசுவிச் சேர்த்துப் பிடித்தால் இரு பக்கமும் சிறகாக விரியும். தோளில் இருக்கும் குட்டை முனையை அந்தக் கொசுவத்தின் மேல் இறக்கி, முடிச்சின் அடிவழியாக மேலே இழுத்து, இப்படி இரண்டு மூன்று முறை சுற்றி இறுக்கி, மிச்சத்தை ஓபிக்குள் செருகிவிடுங்கள். இதுவே புன்கோ முடிச்சு. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு முடிச்சை வலப்பக்கமாகவே பின்னால் திருப்ப வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் உடையின் மடிப்பு எதிர்த்திசையில் இழுபட்டு, அவ்வளவு பாடுபட்டு அமைத்த கழுத்துப்பட்டை கலைந்துவிடும்.

ஆண்களுக்கு

ஆண்களின் பாடு எளிது. இடுப்பு மடிப்பு இல்லை, அக்குள் திறப்பு இல்லை, கழுத்துப்பட்டை பிடரியை ஒட்டியே நிற்கும். சுமார் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள காகு ஓபியைத் தொப்பைக்குக் கீழே முன்பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் சற்று உயர்த்தியும் கட்டுவார்கள். ஓரளவு தொப்பை இருந்தால் யுகாதா நன்றாகவே நிற்கும் என்பது நம்மில் பலருக்கு ஆறுதலான செய்தி. முடிச்சு நடு முதுகில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். இவ்வளவும் வேண்டாம், வீட்டிலும் புளோக்குக்குக் கீழேயும் உலவ மட்டும் என்றால், குட்டைக்கையும் அரைக்கால்சட்டையும் கொண்ட ஜின்பெய் போதும்.

வெளியே போகும்போது

மின்படிக்கட்டில் ஏறும்போது வலது கையால் முன்பாகத்தின் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தால் முடிச்சு நசுங்கும், நுனியில் உட்காரலாம் அல்லது நின்றுகொள்ளலாம். கழிவறைக்குப் போகும் முன் தொங்கும் கைகளை ஓபிக்குள் செருகிக்கொண்டு, கீழ்விளிம்பை ஒவ்வோர் அடுக்காக மேலே தூக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே பிடியாகச் சுருட்டித் தூக்கினால் மறுபடி நேராக விழாது. கெதா என்னும் மரச் செருப்பில் குதிகால் ஓரிரு சென்டிமீட்டர் வெளியே நிற்பதுதான் சரியான அளவு. வாரின் உராய்வில் விரலிடுக்கு புண்ணாகும் என்பதால் பிளாஸ்திரி எடுத்துச் செல்லுங்கள். மழை பெய்தால் கடைத்தொகுதித் தரையில் கெதா வழுக்கும். பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

முதல்முறை போவதற்கு எந்த இடம் ஏற்றது என்றால், ஜப்பானியர் சங்கத்தின் கோடைத் திருவிழாவைச் சொல்வேன். அங்கே குடும்பம் குடும்பமாக யுகாதாவில் வருவதால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். படம் எடுக்க மட்டும் என்றால், 1973இல் திறக்கப்பட்டுப் புதுப்பிப்புக்குப் பின் 2024இல் மீண்டும் திறக்கப்பட்ட ஜூரோங் ஜப்பானியத் தோட்டத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு முன் போங்கள். அதற்குப் பிறகு வெயில் விடாது. இன நல்லிணக்க நாளுக்குப் பிள்ளைக்கு உடுத்தி அனுப்புவோர், ஆசிரியர் அவிழ்த்துக் கட்ட வேண்டிய நிலை வராமல், தைத்தே வைத்த முடிச்சுள்ள ஓபியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

துவைப்பதும் வைப்பதும்

நீலச்சாயப் பருத்தி முதல் சில சலவைகளில் நிறம் விடும். கைகளை உள்பக்கம் மடித்து வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீரில், தனியாக, மென்சலவையில் துவைக்கலாம். கையால் அலசுவது இன்னும் நல்லது. உலர்த்துவதற்கு வீவக வீட்டு மூங்கில் கழியைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஒரு கையின் வழியாக நுழைத்து மறுகை வழியாக வெளியே எடுத்தால் உடை தோளோடு நேராக விரிந்து தொங்கும். ஜப்பானிலும் இப்படித்தான் கழியில் கோத்து உலர்த்துகிறார்கள். நேர்வெயில் மட்டும் படக் கூடாது, சாயம் வெளுக்கும். பட்டாக இருந்தால் வீட்டில் தண்ணீரே காட்டாமல் உலர்சலவைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மடிக்கும்போது புதிய மடிப்பு எதையும் உண்டாக்காமல், தையல் கோடுகள் எங்கே போகின்றனவோ அங்கேயே மடித்துப் போனால் அது தானாகவே நீண்ட செவ்வகமாக அமைந்துவிடும். நன்றாக உலர்ந்த பின்னரே அலமாரிக்குள் வைக்கவும். சிங்கப்பூரில் துணிக்குப் பூச்சியைவிடப் பூஞ்சணமே பெரிய எதிரி, ஆகவே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். பூச்சிக்காக எதையாவது போடுவதாக இருந்தால் கற்பூரம் அல்லது அந்துருண்டை, இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்தால் ஒன்றையொன்று இளக்கி நீர்த்துப்போய்த் துணியில் கறையாக இறங்கிவிடும். பட்டுப் புடவைகள் இருக்கும் அதே அலமாரியில் யுகாதாவையும் வைப்பவர்கள், அங்கே ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வைக்கவும்.